காதால் மட்டும் எவ்வளவு புரிகிறது? பிள்ளைகளின் கேட்டுப் புரியும் திறனை வீட்டிலேயே பார்க்கும் முறை

"செருப்பை எடுத்துட்டு வா மக்கா" என்றதும் ஒன்றரை வயதுப் பிள்ளை செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. பேச்சு புரிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சொன்னவர் அப்போது வாசலில் நின்றார், தோளில் பை தொங்கியது, கண் செருப்பு கிடந்த மூலைக்குப் போனது, கையும் கொஞ்சம் நீண்டது. இத்தனைக்கும் நடுவே 'செருப்பு' என்ற சொல் என்ன வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காது சரியாகக் கேளாத பிள்ளைகூட இதைச் செய்துவிடும். செவித்திறன் குறைபாடு இரண்டு மூன்று வயதுவரை வீட்டாருக்குத் தெரியாமலே போவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆகவே பார்க்க வேண்டியது, பிள்ளை சொன்னபடி செய்கிறதா என்பதை அல்ல. கையும் கண்ணும் சூழ்நிலையும் உதவாதபோது, காதில் விழுந்த சொல்லை மட்டும் வைத்துச் செய்கிறதா என்பதைத்தான்.

முதலில் ஏற்பாடு

தொலைக்காட்சி, மிக்சி, மின்விசிறி மூன்றையும் நிறுத்துங்கள். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உள்ள வீட்டில் மழை பெய்யும்போது பார்க்காதீர்கள். குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை என்பதால் இது சின்ன விஷயமல்ல. பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து உட்காரவைப்பது நல்லது. ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். அதற்குமேல் போனால் நீங்கள் அளப்பது பிள்ளையின் பொறுமையைத்தான்.

வீட்டில் தினமும் புழங்கும் நான்கு பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கரண்டி, பந்து, சீப்பு, செருப்பு என்று. பிள்ளைக்கு உயிரான பொம்மையை அதில் சேர்க்காதீர்கள். எதைச் சொன்னாலும் கை அதற்குத்தான் போகும். ஒரு முழ இடைவெளியில் வரிசையாக வையுங்கள். உங்கள் இரண்டு கையும் மடியில் இருக்க வேண்டும், பார்வை பிள்ளையின் நெற்றியில் இருக்க வேண்டும். கண்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். கண்ணைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லுங்கள்.

சாதாரணக் குரலில் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் மூன்று எண்ணுவதற்குள் மறுபடி சொல்லிவிடுகிறார்கள், அதுவும் சத்தமாக, கையையும் நீட்டி. சிறு பிள்ளைக்குச் சொல்லைக் கேட்டு, பொருளைத் தேடி, கையை நகர்த்த நேரம் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பொருள்களை இடம் மாற்றி வையுங்கள். சரியோ தப்போ, முகத்தில் ஒரே சிரிப்பு.

எட்டுத் தடவை கேளுங்கள். நான்கு பொருள் இருந்து எட்டில் ஆறு சரியாக வந்தால் அது குருட்டாம்போக்கில் வந்ததாக இருக்க வாய்ப்பு ஆயிரத்தில் நான்குதான். இரண்டே பொருளை வைத்துக் கேட்டால் கதை வேறு: சும்மா எடுத்தாலே நூற்றுக்குப் பதினான்கு தடவை ஆறோ அதற்கு மேலோ வந்துவிடும். பின்னால் வருவதுபோல் இரண்டு படம் வைத்துப் பார்க்கும்போது எட்டில் குறைந்தது ஏழு சரியாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதி, தூரம், சொன்ன சொல், பிள்ளை எடுத்த பொருள் நான்கையும் எழுதுங்கள். தவறாக எடுத்தது எது என்பதுதான் பின்னால் அதிகம் உதவும்.

முதல் ஒன்றரை வயது

முதல் மூன்று மாதத்தில் பார்க்க வேண்டியது சிறிதுதான்: திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா, அழும்போது அம்மாவின் குரல் கேட்டுக் கொஞ்சம் அடங்குகிறதா. ஆறு மாதம் ஆகும்போது குரல் வந்த பக்கம் திரும்ப வேண்டும். கதவை ஓங்கி அடைத்துப் பார்ப்பது பிரயோசனமில்லை. அதிர்வு தரை வழியாகவும் காற்று முகத்திலும் படும். காது கேளாத குழந்தையும் திரும்பும்.

ஒன்பது மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். இதைச் சரியாகப் பார்க்க ஒரு வழி: முதலில் அதே நீளத்தில் வேறொரு பெயரை அதே இழுப்பில் இரண்டு தடவை கூப்பிடுங்கள், அப்புறம் பிள்ளையின் பெயரை. இரண்டுக்கும் திரும்பினால் குரலுக்குத் திரும்புகிறது, பெயருக்கல்ல. வீட்டில் பாட்டா ஒரு பெயரும் அம்மா ஒரு பெயரும் சித்தி மூன்றாவது பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால் எதைச் சொல்லிப் பார்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பதிவேட்டுப் பெயர் பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போனபிறகுதான் தெரியும்.

ஒரு வயதில் "வேண்டாம்" என்றால் கை ஒரு கணம் நிற்கும். 15 மாதத்தில் சொல்லோடு சைகையும் சேர்ந்தால் சின்ன வேலை செய்யும். 18 மாதத்தில் சைகை இல்லாமல் "தா" என்றால் தர வேண்டும். இந்த 15க்கும் 18க்கும் நடுவே இருக்கும் மூன்று மாதம்தான் மேலே சொன்ன செருப்புக் கதை. நான்கில் மூன்று பிள்ளைகளாவது அந்தந்த வயதில் செய்துவிடுவதைத்தான் இப்படிக் கணக்காகச் சொல்கிறோம். ஒரு வாரம் தவறினால் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் தவறினால் காதைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் வெளியே தெரியாத இன்னொரு வேலையும் நடக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு உலகத்து மொழிகளின் ஒலிகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துக் கேட்க முடியும். ஒரு வயதுக்குள் சுற்றிலும் கேட்கும் மொழிக்கு வேண்டிய பிரிவுகள் கூர்மையாகி, வேண்டாதவை மங்கிவிடும். 1984இல் வெளிவந்த ஆய்வில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த குழந்தைகள் இந்தியின் 'த', 'ட' இரண்டையும் ஆறேழு மாதத்தில் பிரித்துக் கேட்டன; பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. நம் பிள்ளைக்கு 'கத்தி'யும் 'கட்டி'யும் வேறு வேறாகக் கேட்பது யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. அந்த மாதங்களில் பக்கத்தில் இருந்து பேசியவர்களால் வந்தது.

பக்கத்தில் இருந்து என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளை மாண்டரின் சீனம் பேசுகிறவர்களோடு விளையாடவிட்டார்கள். நான்கு வாரத்தில் 12 தடவை, தடவைக்கு 25 நிமிடம். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு மாண்டரின் ஒலிவேறுபாட்டைச் சீனக் குழந்தைகளைப் போலவே பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. போனைக் கையில் கொடுத்துவிட்டு "பாட்டு கேக்குது, பேச்சு வந்திரும்" என்று நம்பாதீர்கள். மரச்சீனி உரிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து அதைப் பற்றிப் பேசுகிற ஐந்து நிமிடம் அதைவிடப் பெரிது.

மாண்டரின் பிள்ளைக்குச் சுரம், தமிழ்ப் பிள்ளைக்குக் குறில் நெடில்

மாண்டரினில் 'மா' என்ற ஒரே ஓசை, குரலின் ஏற்ற இறக்கத்தால், அதாவது சுரத்தால், நான்கு சொல்லாகும்: உயரத்தில் சமமாக நின்றால் அம்மா, மேலேறினால் சணல், தாழ்ந்து எழுந்தால் குதிரை, சட்டென்று இறங்கினால் திட்டுவது. 'மாய்' என்பது தாழ்ந்து எழும் சுரத்தில் வாங்குவது, இறங்கும் சுரத்தில் விற்பது. சீனப் பிள்ளை சுரத்தைத் தவறவிட்டால் கடைப்பேச்சே தலைகீழாகிவிடும். ஆகவே அந்தக் காது முதல் வயதிலிருந்தே சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலம் கேட்கும் குழந்தைக்கு ஆறு மாதத்தில் இருக்கும் சுரக்கூர்மை ஒன்பது மாதத்தில் மங்கும். சீனக் குழந்தைக்கு மங்குவதில்லை. மூன்று வயதில் படத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னால் சுரத்தை வைத்தே பெரும்பாலும் சரியாகத் தொடுவார்கள். தாழ்ந்து எழும் மூன்றாம் சுரத்தில் மட்டும் சறுக்கல் அதிகம், ஏனென்றால் அது மேலேறும் இரண்டாம் சுரத்துக்கு நெருங்கியது. மூன்றாம் சுரமே இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் சுரமாகவே மாறியும்விடும். 'நீ ஹாவ்' என்ற வணக்கத்திலேயே அந்த மாற்றம் இருக்கிறது.

நமக்குச் சுரம் கோபத்தையும் கேள்வியையும் காட்டும், சொல்லை மாற்றாது. நம் காது பிடிக்க வேண்டியது வேறு: உயிரொலியின் நீளம், ஒற்று இரட்டிப்பது, நாக்கு தொடும் இடம். மூன்று வயதுக்குமேல் இதைப் படத்தால் பார்க்கலாம். வெள்ளை அட்டையில் நீங்களே வரையலாம், உள்ளங்கை அளவு போதும்.

நீளத்துக்கு: குடை, கூடை. பல், பால். முடி, மூடி. தடி, தாடி. கல், கால். நாக்கு தொடும் இடத்துக்கு: கத்தி, கட்டி. பல்லி, பள்ளி. வால், வாள். மலை, மழை. கரி, கறி. கடற்கரைப் பக்கம் உள்ளவர்களுக்கு அருமையான சோடி ஒன்று உண்டு: வாழை, வாளை. ஒன்று தோப்பில், ஒன்று வலையில்.

நீளச் சோடிகளில் தொடங்குங்கள், அவை எளிது. ல, ள, ழ கடைசியில். 'ள'வும் 'ழ'வும் வீட்டுப் பேச்சில் ஒன்றாகக் கேட்கிறது என்றால் மலை, மழை தவிர மற்ற ழகரச் சோடிகளை விட்டுவிடுங்கள். வீட்டில் இல்லாத வேறுபாட்டைப் பிள்ளையிடம் தேடக் கூடாது. கரி, கறியும் அப்படியே. சோதிக்கும் முன் இரண்டு படத்தையும் காட்டிப் பெயர் சொல்லி, பிள்ளைக்கு இரண்டும் தெரியும் என்று உறுதி செய்யுங்கள். வாள் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை வாலைத்தான் தொடும், அது காதின் குற்றமல்ல. 'கூ...டை' என்று இழுத்துச் சொன்னாலும் சோதனை கெட்டது.

இன்னொன்று. பிள்ளை தானே பேசும்போது 'மழை'யை 'மயை' என்பதையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். சொல்ல வராத ஒலியைக் கேட்டுப் பிரிக்கப் பல பிள்ளைகளுக்கு முடியும். நீங்கள் 'மயை' என்று சொன்னால் அது "இல்லை, மயை!" என்று கோபித்துத் திருத்தும். அந்தக் கோபம் நல்ல அறிகுறி.

சொல் முடிவில் ஒளிந்திருப்பது

இரண்டு வயதில் உடலுறுப்பு இரண்டையாவது காட்டும், படப்புத்தகத்தில் கேட்டதைத் தொடும். "அம்மைக்க செருப்பு எது, அப்பாக்க செருப்பு எது" என்று உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். இரண்டரை வயதில் இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் செய்யும்: "பந்தைக் கீழ வச்சிட்டு கதவை அடை." இரண்டும் வழக்கமாகச் சேர்ந்து வருகிற வேலையாக இருக்கக் கூடாது. "செருப்பைப் போட்டுட்டு வா" என்பதில் முதல் சொல் கேட்டாலே மீதியை ஊகித்துவிடலாம்.

தமிழில் யார் யாரை என்ன செய்தார் என்பது 'ஐ' என்ற சின்ன முடிவில் இருக்கிறது. ஒரு பொம்மை யானை, ஒரு பொம்மைக் குதிரை எடுத்து, "ஆனை குதிரையைத் தள்ளிச்சு, செஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். பிறகு, "ஆனையைக் குதிரை தள்ளிச்சு." சிறு பிள்ளைகள் முதலில் வந்த பெயர்தான் செய்தது என்று எடுத்துக்கொள்வது பல மொழிகளிலும் காணும் வழக்கம். மாண்டரினில் பெயருக்கு வேற்றுமை முடிவே இல்லை. சொல் வரிசையும், 'பா', 'பெய்' என்று நடுவில் வரும் சொல்லும்தான் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைப் பிரிக்கும். 'பெய்' வரும்போது முதற்பெயர் பட்டுக்கொண்டவராகிவிடும். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளும், முதலில் நினைத்ததை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தால் தடுமாறுகிறார்கள். ஆகவே நம் மூன்று வயதுப் பிள்ளை யானையையே தள்ளவிட்டால் கவலைப்படாதீர்கள். 'யானையை' என்று அந்த 'ஐ'யைத் தெளிவாகச் சொல்லி நீங்களே ஒரு முறை செய்துகாட்டி, அடுத்த வாரம் பாருங்கள். பூனை, எலி என்று எடுத்தால் சோதனை வீண். பூனைதான் எலியைத் துரத்தும் என்பது காது இல்லாமலே தெரியும்.

'என்ன', 'எங்க', 'யாரு' மூன்றும் முதலில் பிடிபடும். 'ஏன்', 'எப்ப', 'எப்படி' பின்னால் வரும். "எப்ப வந்தே?" என்றால் "பஸ்ல" என்று சொல்லும் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கேள்விச்சொல்தான் புரியவில்லை, காது கேட்கிறது. ஐந்து வயதில் கேட்ட சிறுகதையைப் பற்றி எளிய கேள்வி இரண்டுக்காவது பதில் வரும். "கதவை அடைச்ச பொறவு பந்தை எடு", "பந்தை எடுக்கதுக்கு முன்னால கதவை அடை" போன்றவற்றை அந்த வயதுக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத் தவிருங்கள். தலையாட்டுவது புரிந்ததற்கு அடையாளமல்ல, கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் அல்ல. எல்கேஜியில் இருபது ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாமல் இருக்கலாம்.

வெள்ளமும் தண்ணியும்

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் நம் குமரி மாவட்டம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் குடிப்பது வெள்ளம், நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் அதுவே தண்ணி, பாடப்புத்தகத்தில் வெள்ளம் என்றால் ஊரை அழிப்பது. அம்மச்சி மலையாளம், அப்பா தமிழ், டீச்சர் ஆங்கிலம் என்றும் வீடுகள் உண்டு. இதனால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும் என்று சொல்லி வீட்டுமொழியை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பல மொழி கேட்பது தாமதத்தை உண்டாக்காது. வீட்டுமொழியை நிறுத்தினால் பிள்ளை கேட்கும் பேச்சுதான் குறையும்.

செய்ய வேண்டியது கணக்கைச் சரியாகப் போடுவது. பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். சோதிக்கும் சொல், அந்தப் பொருளை வீட்டில் அதிகம் சொல்கிறவர் வாயில் வரும் சொல்லாக இருக்கட்டும். அங்கன்வாடியில் "தண்ணி எடு" என்றதற்கு விழிக்கும் பிள்ளை "வெள்ளம் எடு" என்றதும் ஓடும். அங்கன்வாடி அக்காவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆறு ஒலிகள், இரண்டு தூரங்கள்

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு கற்பிப்பதில் வல்லவரான டேனியல் லிங் என்பவர் வகுத்த முறை இது, காசு செலவில்லாதது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சின் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண்வரை இந்த ஆறும் பரவி நிற்கின்றன. இரண்டரை, மூன்று வயதுக்குமேல், ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவது என்று விளையாட்டாகப் பழக்குங்கள். கொட்டையை விழுங்காமல் பக்கத்திலேயே இருங்கள். பிறகு பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, வரிசையை மாற்றி மாற்றி, இடைவெளியையும் மாற்றி, ஒவ்வொன்றையும் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். நடுநடுவே பத்து விநாடி சும்மா இருங்கள். அப்போதும் கொட்டை விழுந்தால் பிள்ளை தாளத்துக்குப் போடுகிறது, ஒலிக்கு அல்ல. அப்புறம் மூன்று மீட்டர் தள்ளி.

'ஸ்', 'ஷ்' தவறினால் உயர்ந்த அதிர்வெண் கேட்கவில்லை என்று சந்தேகிக்கலாம். இந்தப் பிள்ளைகள் பெயர் சொன்னால் திரும்பும், கதவுச் சத்தத்துக்குத் திரும்பும், அதனாலேயே தப்பிவிடும். 'ம்', 'ஊ' தவறுவது தாழ்ந்த அதிர்வெண் பக்கத்துக் குறை. ஒரு மீட்டரில் கேட்டது மூன்றில் கேட்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.

சளிக்காலத்தில் கிடைத்த முடிவை நம்பாதீர்கள், தள்ளியும் விடாதீர்கள். நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் ஒலி 20, 30 டெசிபெல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) குறையும். விரலால் காதை அடைத்துக்கொண்டு பேச்சைக் கேட்பது போல. வலி இருக்காது, இன்று கேட்கும், நாளை கேட்காது, வீட்டார் "சொன்னபடி கேக்க மாட்டான்" என்பார்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடியும். வடியாவிட்டால் காது மருத்துவர். தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ஊற்றக் கூடாது, பஞ்சுக்குச்சி விடக் கூடாது.

இரைச்சலில் கேட்பது கடைசியில்தான் முதிரும்

அமைதியான அறையில் எல்லாம் சரியாகச் செய்யும் ஆறு வயதுப் பிள்ளை வகுப்பில் தடுமாறுவது இயல்பு. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் குரல் ஓங்கி நிற்க வேண்டும். சீராக இரைகிற மின்விசிறியைச் சமாளிக்கப் பத்து வயதை ஒட்டியும், பக்கத்தில் வேறு ஆள் பேசுவதைச் சமாளிக்க அதற்கும் பின்னாலும் ஆகிறது. மாண்டரினில் சுரம் இரைச்சலிலும் ஓரளவு தாங்கி நிற்கும், மெய்யொலிகள்தான் முதலில் தொலையும். நமக்கும் குடையும் கூடையும் தப்பிவிடும், கத்தியும் கட்டியும் கலந்துவிடும்.

தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், திறந்த வெளியில் குரல் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் இருக்கும் பிள்ளைக்கும் நான்கு மீட்டரில் இருப்பதற்கும் 12 டெசிபெல். ஓங்கிக் கத்துவதைவிட மூன்று எட்டு நடந்து பக்கத்தில் போய்ச் சொல்வது மேல். வீட்டில் சோதிக்க விரும்பினால், முதல் நாள் அமைதியில் எடுத்த அதே எட்டுச் சொற்களை, மறுநாள் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து இரண்டு மீட்டரில் சொல்லிப் பாருங்கள். ஒன்றிரண்டு குறையும். பாதிக்குமேல் விழுந்தால் பள்ளியில் முதல் பெஞ்சு கேட்டு வாங்குங்கள், காதையும் காட்டுங்கள்.

எப்போது, எங்கே

பன்னிரண்டு மாதத்தில் பெயருக்குத் திரும்பவில்லை, இரண்டு வயதில் சைகை இல்லாமல் ஒரு வேலையும் புரியவில்லை, காதில் சீழ் வடிகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். முன்பு புரிந்தது இப்போது புரியவில்லை என்றால் எந்த வயதானாலும் அதே வாரம். "எனக்க மோனும் நாலு வயசிலதான் பேசினான்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் வைத்திருக்கும் அளவு. அறுவை செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அரசு உதவிக்கும் வயது வரம்பு உண்டு.

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற பிள்ளைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். வரும் நாளைக் கேட்டு வைத்து நோட்டைக் காட்டுங்கள். நேராகப் போவதென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு. காதில் சின்ன முனை வைத்து உட்காதின் எதிரொலியைப் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனை சில நிமிடம். ஒலி கேட்டுச் செவிநரம்பும் மூளைத்தண்டும் பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும், இங்கேதான் பல பேருக்கு ஒரு நாள் வீணாகிறது: மார்த்தாண்டத்திலிருந்தோ பேச்சிப்பாறையிலிருந்தோ வரும் பேருந்தில் பிள்ளை நன்றாகத் தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் இறங்கியதும் முழித்து விளையாடும். அன்று அதிகாலையிலேயே எழுப்பிவிடுங்கள், வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துத் தூங்கவிடாமல் கூட்டிப்போங்கள், முறை வரும் நேரத்தில் அங்கே வைத்துப் பாலூட்டி மடியில் போட்டுத் தட்டுங்கள்.